ஒரே க, மூன்று ஓசை: காற்றழுத்தம் வகுத்த புணர்ச்சி விதிகள்

குரல்வளை மேட்டில் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு 'பக்கம், பங்கு, பகல்' என்று நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். 'பக்கம்' என்னும்போது 'க்க' வரும் இடத்தில் அதிர்வு அறுந்து மறுபடி தொடங்கும். 'பங்கு' என்னும்போது அறுபடாது. 'பகல்' சொல்லும்போது நாக்கு அண்ணத்தை முழுதாக அடைப்பதுகூட இல்லை. உரசலாகத் தளர்ந்து, பலர் பேச்சில் ஏறத்தாழ 'ஹ' ஆகிவிடும். எழுத்து ஒன்றுதான். எங்கே எந்த ஓசை என்று யாரும் கற்றுத்தராமலே, பள்ளி செல்லும் முன்பே சரியாகச் சொல்கிறோம்.

காரணம் காற்றழுத்தம். குரல் நாண்கள் அதிர, கீழே நுரையீரல் பக்கத்து அழுத்தம் மேலே வாயறையில் உள்ளதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். உதட்டை மூடி 'ம்ம்ம்' என்று முனகுங்கள். மூச்சு உள்ளவரை நீளும். அப்படியே மூக்கைப் பொத்துங்கள். கன்னம் சற்று உப்பும், உடனே முனகல் நின்றுவிடும். காற்றுக்கு வெளியேற வழியில்லை, இரு பக்க அழுத்தமும் சமமாகிவிட்டது. இதையே 'ங்' என்று நீட்டிச் செய்தால் இன்னும் சீக்கிரம் நிற்கும். அடைப்பு பின்வாயில் இருப்பதால் உப்பிக்கொடுக்கக் கன்னம் இல்லை.

இப்போது மூன்று க-வும் விளங்கும். இரட்டித்த 'க்க' நீண்ட அடைப்பு. அழுத்தம் ஏறி அதிர்வு அறுகிறது. மெல்லினத்துக்குப் பின் மூக்கு வழியாகக் காற்று கசிந்துகொண்டிருந்ததால் அதிர்வு தொடர்கிறது. இரண்டு உயிர்களுக்கு இடையில் அடைப்பு மிகக் குறுகியது. அதிர்வை நிறுத்தி மறுபடி தொடங்க நேரமே இல்லை. ட, த, ப ஆகியவற்றிலும் இதே கதைதான். எழுத்தொலியின் பிறப்பை உந்தியிலிருந்து எழும் காற்றில் தொடங்கி விளக்கியது தொல்காப்பியத்தின் பிறப்பியல். அந்தப் பார்வையை இன்றைய இலக்கண வகுப்புகள் கைவிட்டது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன். காரணம் தெரிந்தால் மனப்பாடம் பாதி குறையும்.

சொற்கள் சேரும் புணர்ச்சியிலும் வாயின் வசதி தெரிகிறது. மரம் + கள் = மரங்கள், பழம் + தின்றான் = பழந்தின்றான். அடுத்த அடைப்பு எங்கே விழப்போகிறதோ, மூக்கொலி முன்கூட்டியே அங்கே போய் நிற்கிறது. மணி + அடித்தான் என்பதில் இ-க்கு நாக்கு மேலண்ணத்தை நெருங்கியே இருக்கிறது. அடுத்த உயிருக்கு இறங்கும் வழியில் ய் தானே பிறக்கிறது. பசு + இல்லை என்றால் உதடு குவிந்திருப்பதால் வ். ஆனால் வீடு + இல்லை 'வீடில்லை' ஆகிறது. பசுவின் உகரம் ஒரு மாத்திரை. வீடு என்பதன் உகரம் அரை மாத்திரைக் குற்றியலுகரம், அடுத்த உயிர் வந்ததும் உதிர்ந்துவிடும்.

எல்லாவற்றையும் வாயின் வசதியே முடிவு செய்வதில்லை. ஒன்பது பேச்சில் 'ஒம்பது' ஆனது. நிதானமான பேச்சில் அன்பு 'அம்பு' ஆவதில்லை. 'வேலை தேடினான்' என்றால் பிழைப்பு தேடினான், 'வேலைத் தேடினான்' என்றால் வேல் என்ற ஆயுதத்தைத் தேடினான். இங்கே ஒற்று மிகுவதும் மிகாததும் பொருளின் ஆணை. வல்லினம் மிகும் இடங்களை வாயால் மட்டும் சொல்லிப் பார்த்து முடிவு செய்பவர்கள் தவறுவது இதனால்தான். ஐ உருபு இருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும்.

க-வின் அந்த மூன்று ஓசைகளும் நம் காதுக்கு ஒன்றாகவே கேட்பதற்குக் காரணம், இடத்தை வைத்தே ஓசையைச் சொல்லிவிட முடிவது. கடன்சொற்கள் வரும்போது அந்தக் கணக்கு உடைகிறது. 'குருவி' என்பதில் முதல் எழுத்து அதிராத வல்லோசை, 'குரு' என்பதில் அதிரும் ஓசை. எழுத்தைக் குரலாக்கும் மென்பொருள்கள் தடுமாறும் இடம் இதுவே. செய்பவர்கள் தமிழ்ச் சொற்களுக்கு மேற்சொன்ன விதிகளை எழுதிக்கொள்ளலாம். காந்தி, குரு, பஸ் போன்றவற்றுக்கு உச்சரிப்பு அகராதி ஒன்றைத் தனியாகச் சேர்த்து, அதை முதலில் பார்த்துவிட்டே விதிகளுக்கு வரும்படி அமைக்க வேண்டும். 'பாவம்' போல, வல்லோசையில் தீவினை, அதிரும் ஓசையில் முகபாவனை என்று இரு ஓசையும் உள்ள சொல்லுக்கு அகராதியும் போதாது. அறத்தைப் பற்றிய வாக்கியமா, நாட்டியத்தைப் பற்றியதா என்று பக்கத்துச் சொற்களைப் பார்க்க வேண்டியிருக்கும்.