சாவிக்கு ஒரு கதை

பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தேன். பரீட்சையில் குறிப்புகளைக் கொடுத்துக் கதை எழுதச் சொல்லும் கேள்வி வரும். பிள்ளைகள் கோடு போட்ட இடங்களில் 'ஏ', 'தி', 'வாஸ்' நிரப்பி மார்க் வாங்கிவிடுவார்கள். அதையே எழுந்து நின்று சொல்லச் சொன்னால் தலை குனிந்துகொள்ளும். தப்பாகப் பேசினால் கடைசி பெஞ்சு சிரிக்கும் என்ற பயம். பதினாலு வயசில் அதைவிடப் பெரிய பயம் வேறில்லை.

2019 ஜூனில் பள்ளி திறந்த வாரம், "வீட்டுலேர்ந்து ஆளுக்கு ஒரு பொருள் எடுத்துட்டு வாங்க. அதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கணும், அவ்வளவுதான்" என்றேன். மறுநாள் மேஜைமேல் பம்பரம், அறுந்த கொலுசு, ஆத்தாவின் பாக்குவெட்டி. ஒரு பெண் துருப்பிடித்த சாவி ஒன்றை வைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் நின்றாள். பிறகு சொன்னாள்:

"டோர் கோ, மிஸ். கீ ஸ்டே."

யாரும் சிரிக்கவில்லை. முந்தைய ஆண்டு நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது அந்த வகுப்பில் யார் வீட்டுத் தென்னையும் தப்பவில்லை. 'வென்ட்' என்று திருத்த நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "தென்?" என்று மட்டும் கேட்டேன். ஏழெட்டு வாக்கியம் வந்தது. ஆங்கிலம் கிடைக்காத இடத்தில் தமிழ். அம்மா வீட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடியது. விடிந்து திரும்பினால் பூட்டிய கதவையே காணாதது.

ஒரு பையன் தன் பொருளைப் பையைவிட்டு வெளியே எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. சொல்லாமல் இருக்கவும் பிள்ளைகளுக்கு உரிமை வேண்டும்.

பேசும்போது திருத்துவதை அன்றோடு விட்டேன். தப்புகளை நோட்டில் குறித்துக்கொண்டு, யாருடையது என்று சொல்லாமல் மறுநாள் போர்டில் எழுதினேன். 'கோ'வை அழித்து 'வென்ட்' எழுதியது அந்தப் பெண்ணேதான். கதவு போனது முடிந்துபோன விஷயம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இறந்தகால வினைகளை அட்டவணை போட்டு நெட்டுருப் பண்ணவைத்த வருஷங்களை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

சொந்தக் கதை சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்கு மனுநீதிச் சோழனைக் கொடுத்தேன். திருவாரூர்த் தேரும் கன்றும் ஆராய்ச்சி மணியும் இங்கே எல்லாருக்கும் தெரியும். அடுத்து என்ன என்று யோசிக்க வேண்டாம், மனசு முழுக்க வார்த்தைமேல் இருக்கும். ஆனால் கதையை ராஜா சொல்லக் கூடாது என்றேன். ஒருத்தி பசுவானாள். ஒருவன் தேர்ச்சக்கரமாகி மன்னிப்புக் கேட்டான். அவ்வளவாக வாயே திறக்காத ஒரு பையன் மணியாக வந்து நின்றான்.

"மெனி இயர்ஸ் நோபடி டச் மீ. ஐ வாஸ் ஹேப்பி" என்றான்.

நான் வாய் திறக்குமுன் கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது: "தென்?"