முழங்கால் எக்ஸ்ரேயை நின்றுகொண்டுதான் எடுக்க வேண்டும்

அம்மாவுக்கு மூட்டுத் தேய்மானப் பரிசோதனை ஒருவழியாக முடிந்தது. 45 வயது தாண்டிய எல்லோரையும் கூப்பிட்டு, கேள்வித்தாளில் வடிகட்டி, வலி உள்ளவர்களை மட்டும் டாக்டரிடம் அனுப்புகிற ஏற்பாடு. பதிவு, உயரம், எடை எல்லாம் மளமளவென்று முடிந்தன.

கேள்வித்தாளில்தான் வம்பு. 'கடந்த ஒரு மாதத்தில் பெரும்பாலான நாட்கள் இடுப்பு மூட்டிலோ முழங்காலிலோ வலி இருந்ததா?' என்று அச்சடித்திருக்கிறது. நிரப்புகிறவரோ நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இப்ப வலிக்குதாம்மா?" என்றார். நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் எங்கே வலிக்கும்? அம்மா "இல்லப்பா" என்றதும் 'இல்லை'யில் டிக். அத்தோடு வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். நான் தாளை வாங்கிக் கேள்வியை முழுசாகப் படித்தேன். படி இறங்கும்போது, கீழே உட்கார்ந்து எழும்போது என்று அம்மா அடுக்க, அவர் முணுமுணுத்தபடி திருத்தினார்.

அடுத்து எக்ஸ்ரே. படுக்க வைத்து எடுத்துவிட்டார்கள். மூட்டு இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது, உடம்பு பாரம் முழங்காலில் இறங்கினால்தான் சரியாகத் தெரியும். டாக்டர் படத்தைப் பார்த்ததுமே திருப்பி அனுப்ப, மறுபடியும் அதே வரிசை. சீட்டில் 'நின்ற நிலையில்' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே உள்ளே போங்கள்.

டாக்டர் நிதானமானவர். முழங்கால் வலி என்று போன அம்மாவைப் படுக்க வைத்து, வலது முட்டியை மடக்கி, பாதத்தை மெல்ல வெளிப்பக்கம் திருப்பினார். தொடை இடுக்கில் சுரீரென்றது. இடுப்பு மூட்டில் தேய்மானம் இருந்தாலும் வலி முழங்காலில் தெரியுமாம். உடனே இடுப்புக்கும் ஒரு எக்ஸ்ரே எழுதினார். முட்டியோடு விட்டிருந்தால் இது தெரியாமலே போயிருக்கும்.

ரிப்போர்ட்டில் 'கெல்கிரென் லாரன்ஸ் கிரேடு 2' என்று பார்த்ததும் அம்மா ஆபரேஷன் வரைக்கும் போய்விட்டார். எக்ஸ்ரேயில் மூட்டு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சொல்லும் அளவுகோல்தான் அது; தேய்மானமே இல்லாத 0 முதல் கடுமையான 4 வரை இருக்கிறது. படத்தில் மோசமாகத் தெரிந்தும் வலியே இல்லாதவர்கள் உண்டு என்றார் டாக்டர். இப்போதைக்குத் தொடைக்கும் இடுப்புக்கும் உடற்பயிற்சி, கொஞ்சம் எடைக் குறைப்பு, அவ்வளவுதான்.

காலையில் எழுந்ததும் மூட்டு எவ்வளவு நேரம் விறைப்பாக இருக்கிறது என்று கட்டாயம் கேட்பார்கள். அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் வேறு வகை மூட்டுவாதமா என்று பார்ப்பார்களாம். அங்கே போய் யோசிக்காமல், முன்கூட்டியே கவனித்து வையுங்கள்.