வேகாத பருப்பும் விருந்துக்கு வந்த சம்பந்தியும்

எங்கள் பள்ளிப்பட்டு இருக்கும் திருத்தணி வட்டாரம், 1960 ஏப்ரல் 1 அன்றுதான் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ம.பொ.சி. போராடினார், படாஸ்கர் சமரசம் பேசினார், வரைபடத்தில் கோடு மாறியது. கோட்டை மாற்றியவர்கள் யாரும் அடுப்பங்கரைக்குள் எட்டிப் பார்க்கவில்லை. அதனால் எங்கள் தெருவில் இன்றைக்கும் ஒரு வீட்டில் சாம்பார் கொதித்தால் அடுத்த வீட்டில் பப்பு மசிந்துகொண்டிருக்கும். இரண்டுக்கும் துவரம்பருப்புதான். ஆனால் சாம்பாரில் பருப்புக்கு ஒளிந்துகொள்ள இடம் உண்டு. புளி இருக்கிறது, பொடி இருக்கிறது, முருங்கைக்காய் இருக்கிறது. கொஞ்சம் வேகாவிட்டாலும் யாரும் துருவிப் பார்ப்பதில்லை. பப்பு அப்படியில்லை. சுடுசோற்றின் நடுவில் குழி பறித்து, நெய் விட்டு, ஆவக்காய் ஊறுகாயைப் பக்கத்தில் வைத்து உட்காரும்போது பருப்பு மட்டும்தான் இலையில் பேசும். அது சரியில்லை என்றால் சாப்பாடே சரியில்லை.

தம்பிக்குப் பெண் பார்த்தது ஆந்திரப் பக்கத்துப் புத்தூரில். அவர்கள் வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். பெண் பார்த்துப் பிடித்துப்போய், அடுத்ததாக அவர்கள் நம் வீடு பார்க்க வருகிறார்கள் என்று தகவல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, எமகண்டம் தொடங்கும் 12 மணிக்கு முன்பே வந்துவிடுவார்களாம். வீடு பார்க்க வருகிறவர்கள் சுவரையா பார்ப்பார்கள்? இலையைத்தான் பார்ப்பார்கள் என்பது அம்மாவின் கட்சி.

"சாம்பார் வைத்தால் தமிழ்நாட்டு வீடு என்று முகம் சுளிப்பார்கள். மாங்காய்ப் பப்பு வைக்கிறேன்" என்று அம்மா அறிவித்தாள்.

அம்மா வைக்கும் சாம்பாருக்குத் தெருவே சாட்சி. பப்பு என்பது பக்கத்து வீட்டு அக்கா கிண்ணத்தில் கொடுத்தால் சாப்பிடுவதோடு சரி. மதில் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து செய்முறை கேட்டு, அந்தப் பக்கமிருந்து வந்த பதிலில் பாதியை மிக்ஸி சத்தம் விழுங்கிவிட்டது. மாங்காயை எப்போது போடுவது என்பது அந்தப் பாதியில் இருந்திருக்க வேண்டும்.

அடுத்தது பருப்பு. ரேஷனில் மாதம் ஒரு கிலோ 30 ரூபாய்க்கு வாங்கும் துவரம்பருப்பு டப்பாவில் நிறையவே இருந்தது. அது மூன்று விசிலில் குழையும் சாதுவான பருப்பு. "சம்பந்திக்கு ரேஷன் பருப்பா?" என்று அம்மா பதறினாள். கடைத்தெருவில் ஒரு மளிகைக்கடைக்காரர், பாலிஷ் போடாத நாட்டுப்பருப்பு என்று சத்தியம் செய்து, அதைப்போல் பல மடங்கு விலைக்கு இரண்டு கிலோ கட்டிக் கொடுத்தார். அது எந்த வருடத்து நாடு என்று அவரும் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை.

ஞாயிறு காலை குழாயில் தண்ணீர் வரவில்லை. இப்படிப்பட்ட நாள்களில் வராது. போர்வெல் தண்ணீரைப் பிடித்து, பருப்பைக் கழுவி, மஞ்சள்தூள், பச்சைமிளகாய், வெங்காயம், நல்ல புளிப்பான மாங்காய் ஒன்றின் துண்டுகள், உப்பு என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் குக்கரில் அள்ளிப்போட்டு அம்மா மூடியைத் திருகினாள். என் மனைவி பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறாள். "அத்தை, மாங்காயை அப்புறம் போடலாமே" என்றாள். "உங்கள் ஊரில் வேண்டுமானால் அப்படி" என்று பதில் வந்தது. அவள் அப்பளம் பொரிக்கப் போய்விட்டாள்.

குக்கர் விசில் அடித்தது. விசிலோடு மஞ்சள் நுரையும் பீறிட்டு, சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியில் தெறித்தது. ஒரு சொட்டு மிகச் சரியாக எமகண்டத்தின் மேல் விழுந்து வழிந்தது. பெரியம்மா அதை ஒரு பார்வை பார்த்தார். "ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டிருந்தால் பொங்கியிருக்காது. உங்கள் பாட்டி விடாமல் இருக்கமாட்டார்" என்றார். அது நியாயமான பேச்சு. அதோடு நிறுத்தியிருக்கலாம். திருஷ்டி என்றும் சேர்த்துச் சொல்லி, மிளகாயும் உப்பும் எடுத்துக் குக்கருக்கே சுற்றிப்போட்டார்.

ஆவி அடங்கி மூடியைத் திறந்தால், மாங்காய் கரைந்து காணாமல் போயிருந்தது. பருப்பு இருந்தது. ஒவ்வொரு பருப்பும் தனித்தனியாக, தன் பெயர் முகவரியோடு இருந்தது. அம்மா ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கினாள். மேலே மெத்தென்று அமுங்கியது. உள்ளே வெள்ளையாக ஒரு புள்ளி, சுண்ணாம்புக் கட்டியின் துணுக்கு மாதிரி, அமுங்க மறுத்துப் பிளந்துகொண்டது. மறுபடி மூடி, மறுபடி அடுப்பு. விசில் எண்ணுவதை ஒரு கட்டத்தில் எல்லோரும் விட்டுவிட்டோம்.

அதற்குள் வீட்டில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்துவிட்டது. விசைத்தறிக்கு மெக்கானிக்காக இருக்கும் சித்தப்பாவுக்கு எந்தக் கோளாறும் இயந்திரக் கோளாறுதான். குக்கரின் பக்கத்தில் காதை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். "கேஸ்கட் போய்விட்டது. உள்ளே 120 டிகிரி ஏறவேண்டும், ஏறவில்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையில் கேஸ்கட் தேடிப் போனார். அம்மா பருப்பு பழசு என்றாள், ஆனால் அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள், வாங்கியது யார் என்பது வீட்டுக்கே தெரியும். அப்பா போர்வெல் தண்ணீர் மேல் குற்றம் சாட்டினார். வெந்நீர் போடும் பாத்திரத்தைக் கொண்டுவந்து, அதன் அடியில் படிந்திருந்த வெள்ளைப் பொருக்கை நகத்தால் சுரண்டி ஆதாரமாகக் காட்டினார். தம்பி வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்தபடி, "என் பருப்பு புத்தூரில் வெந்துவிட்டது, நம் வீட்டில்தான் வேகவில்லை" என்று புலம்பினான்.

மனைவியிடம் நான் மெல்லக் கேட்டேன். அப்பளத்திலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் பாடம் நடத்தினாள். பருப்பின் செல் சுவர்களை ஒட்டவைத்திருப்பது பெக்டின். அது கரைந்தால்தான் பருப்பு குழையும். புளிப்பு இருந்தால் கரைய அடம்பிடிக்கும். உப்புத்தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் அந்தப் பெக்டினைப் பிடித்து இன்னும் இறுக்கும். பருப்பு பழசானால் வேகும் குணமே குறைந்துபோகும். அதனால்தான் சாம்பாரில் பருப்பு வெந்த பிறகு புளியைக் கரைத்து ஊற்றுகிறோம். "ஆக, மாமா சொன்னதும் சரி, அத்தை சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. சித்தப்பா மட்டும் பாவம், பெட்ரோல் செலவு."

"இப்போது என்ன செய்வது?"

"ஆப்பசோடா ஒரு சிட்டிகை போட்டால் இளகும். அதிகமானால் சோப்பு வாசனை வரும். அத்தை கையால் ஒரு சிட்டிகை என்றால் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்."

அம்மாவின் சிட்டிகை எனக்குத் தெரியும். நான் ஆப்பசோடா டப்பாவை அலமாரியின் மேல்தட்டுக்கு மாற்றி வைத்தேன். அந்த நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது.

வரவேற்பு, தண்ணீர், காபி, நலம் விசாரிப்பு எல்லாம் முறையாக நடந்தன. சம்பந்தியம்மா மட்டும் கூடத்தில் உட்காரவில்லை. "வதினகாரு எங்கே?" என்று கேட்டபடி நேராகச் சமையலறைக்குள் வந்துவிட்டார். வீடு பார்ப்பது என்றால் அவர் அகராதியில் அதுதான் போலிருக்கிறது. அம்மா குக்கருக்கு முன்னால் முந்தானையை விரித்து நின்றாள். பயனில்லை. சம்பந்தியம்மா மூடியைத் தூக்கினார், கரண்டியை விட்டுத் துழாவினார், ஒரு பருப்பை எடுத்து விரலில் நசுக்கினார். அதே வெள்ளைப் புள்ளி அவரையும் பார்த்தது.

அவர் சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, "வடிகட்டி கொடுங்கள்" என்றார்.

அடுத்து நடந்ததை நான் கதவோரத்தில் நின்று பார்த்தேன். குக்கரில் இருந்ததை வடிகட்டினார். கீழே இறங்கிய புளிப்பான மஞ்சள் தண்ணீரைத் தனிப் பாத்திரத்தில் வைத்து, ரேஷன் பருப்பில் ஒரு பிடியை வேறு அடுப்பில் வேகவைக்கச் சொன்னார். அதற்கு மட்டும் குடிக்க வாங்கியிருந்த கேன் தண்ணீர். அது சிறிது நேரத்தில் சத்தமில்லாமல் குழைந்தது. அதை மத்தால் கடைந்து அந்தத் தண்ணீரில் கரைத்து, கொத்தமல்லியும் தாளிப்பும் போட்டதும் பப்புச்சாறு தயார். வடிகட்டியில் நின்ற முரட்டுப் பருப்புக்கு வாணலி. தாராளமாக நெய், கடுகு, சீரகம், நாலைந்து காய்ந்த மிளகாய், தோலோடு நசுக்கிய பூண்டு, கறிவேப்பிலை, பெருங்காயம். பூண்டு சிவந்து வாசனை கூடத்துக்குப் போனதும் பருப்பைக் கொட்டி, தண்ணீர் தெளித்துத் தெளித்து மூடி வைத்தார். அதற்குள் எங்கள் விசாரணைக் கமிஷன் ஓசையில்லாமல் கலைந்துவிட்டது.

"எங்கள் வீட்டில் பொடிப்பப்பு என்று பாசிப்பருப்பில் செய்வோம். உதிரியாகத்தான் இருக்கவேண்டும். யாராவது கேட்டால் வேண்டுமென்றே செய்தது என்று சொல்லுங்கள்" என்றார். அம்மா பேசவில்லை. அம்மா பேசாமல் இருந்ததை அந்த வீட்டில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

இலை போட்டு உட்கார்ந்ததும் சம்பந்தி ஐயா பரிமாறியதை ஒரு சுற்றுப் பார்த்தார். பருப்பு, சாறு, பீன்ஸ் பொரியல், அப்பளம், ஊறுகாய், மோர். தயங்கித் தயங்கி அப்பாவின் காதருகில் குனிந்தார்.

"சாம்பார் இல்லையா? வீட்டில் தினமும் பப்புதான். தமிழ்நாட்டு வீட்டுக்குப் போகிறோமே, சாம்பார் கிடைக்கும் என்று காலையில் டிபன்கூடச் சாப்பிடாமல் வந்தேன்."

அப்பா பார்த்த பார்வையில் அம்மா மோர்ப் பாத்திரத்தோடு உள்ளே போய்விட்டாள். ஆனால் மனிதர் பருப்பைத் தொட்டுப் பார்த்தார், சோற்றில் பிசைந்தார், பிறகு நிமிரவில்லை. பல்லில் கடிபடும் பருப்பு நெய்யோடும் பூண்டோடும் அவருக்குப் பிடித்துப்போயிற்று. இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். "இது என்ன, உங்கள் ஊர் ஸ்பெஷலா?" என்றார். நாங்கள் எல்லோரும் சம்பந்தியம்மாவைப் பார்த்தோம். அவர் அப்பளத்தை உடைத்துக்கொண்டே, "ஆமாம், பள்ளிப்பட்டுப் பருப்பு" என்றார். அந்த நிமிடத்திலேயே இந்தச் சம்பந்தம் நிலைக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. புருஷனிடம் இவ்வளவு அலட்டாமல் ஒன்றை மறைக்கத் தெரிந்த அம்மாவுக்குப் பிறந்த பெண்ணிடம் தம்பி வசமாக மாட்டிக்கொள்வான் என்பதும்தான்.

கை கழுவும் நேரத்தில் சித்தப்பா புது கேஸ்கட்டோடு வந்து சேர்ந்தார். அளவு வேறு. அதையும் ஏதோ தறிக்குப் பயன்படுத்திக்கொண்டார் என்று கேள்வி.

நிச்சயதார்த்தம் புத்தூரில் நடந்தது. அங்கே பந்தியில் சாம்பார் முதலில் வந்தது, எங்களுக்காக. அதற்குப் பக்கத்திலேயே நெய்யில் மினுமினுக்கும் உதிரிப்பருப்பு ஒன்றும் இலையில் விழுந்தது. சம்பந்தி ஐயா சமையல்காரரிடம் சொல்லிச் செய்ய வைத்தாராம். சமையல்காரருக்குத்தான் திருப்தியில்லை. நம் வீட்டில் வந்த அந்தக் கடிபடும் பதம் வரவில்லை என்று ஐயா குறை சொல்லியிருக்கிறார். சமையல்காரர் நேரே அம்மாவிடம் வந்து நின்றார்.

"எத்தனை விசில் அம்மா விடுவீர்கள்?"

அம்மா என் மனைவியைப் பார்த்தாள். என் மனைவி வாயைத் துடைத்துக்கொண்டு, "மாங்காயை முதலிலேயே போட்டுவிடுங்கள். விசில் எத்தனை வேண்டுமானாலும் விடலாம்" என்றாள்.