ஒரு கிலோமீட்டர் பனியும் ஒரு கட்டிச் சூடமும்

2024 ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை. தென்னாப்பிரிக்காவில் அது பெண்கள் தினம், அரசு விடுமுறை. என் மாமியாருக்கு அது ஆடி வெள்ளி. பனிச்சறுக்குக்காகக் கிளாரன்ஸ் பக்கம் விடிகாலை நாலரைக்குக் கிளம்ப வேண்டிய கார், விளக்கேற்றி, சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, ஏழு மணிக்குத்தான் டர்பனில் எங்கள் பகுதியான சாட்ஸ்வொர்த்தை விட்டது. சூடப் பொட்டலமும் தீப்பெட்டியும் அத்தையின் கைப்பையிலேயே வந்தன. "போற இடத்துல ராத்திரி விளக்கு வேணாமா?" என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு அன்று ராத்திரியே பதில் கிடைத்தது.

வழிச்சாப்பாட்டை இந்த நாட்டில் எல்லாரும் பட்கோஸ் என்போம். சுகர் பீன்ஸ் கறி வைத்துச் சுருட்டிய ரொட்டி, புளிச்சோறு, ஃபிளாஸ்க்கில் இஞ்சித் தேநீர். வான் ரீனன் கணவாய் ஏறி ஹாரிஸ்மித் வருவதற்குள் ரொட்டி காலி. அங்கிருந்து ஃப்ரீ ஸ்டேட் சமவெளி. ஆகஸ்ட் இங்கே குளிர்காலம், புல்லெல்லாம் வைக்கோல் நிறம். சாலையோரம் மட்டும் தீத்தடுப்புக்காக எரித்து, கறுப்புக் கரை போட்ட சேலை மாதிரி நீண்டு கிடந்தது.

போனது கிளாரன்ஸ். மலுட்டி மலைகளின் அடியில், 1,800 மீட்டருக்கு மேலே இருக்கும் சின்ன ஊர். ஜோகன்னஸ்பர்க் பணக்காரர்கள் வாரக்கடைசியில் வந்து ஓவியம் வாங்கும் இடம். சுவிட்சர்லாந்தில் இருக்கும் கிளாரன்ஸில்தான் போயர் குடியரசின் முன்னாள் அதிபர் பால் க்ரூகர் 1904 ஜூலையில் இறந்தார். அந்த நினைவாக 1912-இல் இந்த ஊருக்கு அதே பெயரை வைத்தார்கள். பெயர் சுவிஸ் என்றாலும் ஊருக்குள் பனிச்சறுக்குமேடு கிடையாது. அது எல்லை தாண்டி லெசோத்தோ நாட்டில், ஆஃப்ரிஸ்கியில், இரண்டரை மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. மேலேயே தங்கவும் அறைகள் உண்டு. ஆனாலும் நான் சொல்வது இதுதான்: ராத்திரிகளைக் கிளாரன்ஸில் வையுங்கள், பனிக்கு ஒரு பகல் போதும். மூவாயிரம் மீட்டரில் ராத்திரி தூங்குவது எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது, அதுவும் எழுபத்தொரு வயதுக்காரரோடு போனால்.

தங்க மூன்று வழி. ஊருக்குள் ஹோட்டல் வேண்டுமென்றால் ப்ரோட்டியா இருக்கிறது. காட்டுக்குள் வேண்டுமென்றால் பக்கத்தில் கோல்டன் கேட் தேசியப் பூங்காவில் கோல்டன் கேட் ஹோட்டல், க்ளென் ரீனன் முகாம், இன்னும் உயரத்தில் ஹைலண்ட்ஸ் மவுண்டன் ரிட்ரீட் மரவீடுகள். மூன்றாவது, நாங்கள் எடுத்ததுபோல, ஊருக்குள் மணற்கல் வீடு. சமையலறை இருப்பதால் ஆடிக்கு மாமிசம் விட்டவர்களோடு போகிறவர்களுக்கு இதுதான் சரி. வாடகைக்கு விட்டவர் விளம்பரத்தில் போட்டிருந்த கணப்பு அடுப்பு நிஜமாகவே இருந்தது. அடுக்கியிருந்த விறகுதான் ஈரம். பாப்ளர் மரம் போலிருக்கிறது, கையில் எடுத்தாலே கனத்தது. என் கணவர் பழைய செய்தித்தாளைக் கொளுத்திக் கொளுத்தி வீடு முழுக்கப் புகை. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே. மகள் கம்பளிக்குள் இருமிக்கொண்டிருந்தாள்.

அத்தை எழுந்து வந்தார். "நவுருப்பா." மெல்லிய சுள்ளியாக ஏழெட்டு பொறுக்கி, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினார். நடுவில் இரண்டு கட்டிச் சூடம். தீக்குச்சி வைத்ததும் அந்தப் பளிச்சென்ற சுவாலை. மேலே ஒரு சுள்ளி, அது பிடித்ததும் இன்னொன்று. அவசரமே இல்லை. ஈர விறகு முதலில் சீறியது, வெட்டிய முனையில் நுரை தள்ளியது, பிறகு பிடித்துக்கொண்டது. பத்தே நிமிஷம். வீடு முழுக்க கோயில் வாசம். கரிக்கட்டைக்கு முன்னால் ஒரு தரம் கும்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்தார். மறுநாள் நாங்கள் பெட்ரோல் பங்கில் காய்ந்த விறகு வாங்கினோம். நீங்கள் முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

சனிக்கிழமை பனிக்கு. ஃபூரிஸ்பர்க் வழியாகப் போய் காலடன்ஸ்பூர்ட்டில் எல்லை கடக்க வேண்டும். பாஸ்போர்ட் போதும் என்று நினைக்காதீர்கள். பிள்ளைகளோடு போனால் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். கார் வங்கிக் கடனில் இருந்தால், நாட்டுக்கு வெளியே கொண்டுபோக வங்கியின் கடிதம் வேண்டும். எங்களவர் அதை அச்சடித்து அச்சு இயந்திரத்தின் மேலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்! டர்பனில் மைத்துனர் எங்கள் வீட்டைத் திறந்து, படம் எடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதை அதிகாரி பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்து... முக்கால் மணி நேரம் போயிற்று. அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் என் கணவருக்கு இன்னும் சங்கடம்.

புத்தா புத்தே ஊரைத் தாண்டினால் மோட்டெங் கணவாய். கொண்டையூசி வளைவுகள், செங்குத்து ஏற்றம். நிழல் விழும் வளைவுகளில் காலையில் தண்ணீர் கண்ணாடியாக உறைந்திருக்கும். அங்கே பிரேக்கைத் தொடாமல் தாழ்ந்த கியரில் போக வேண்டும். பனி பெய்த நாளென்றால் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி இல்லாமல் போகவே போகாதீர்கள். மஹ்லசேலா கணவாயின் உச்சி 3,222 மீட்டர். அதை ஒட்டித்தான் ஆஃப்ரிஸ்கி.

முதல் பார்வைக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருக்கும், சொல்லிவிடுகிறேன். நாங்கள் போனபோது சுற்றிலும் மலை பழுப்பாகக் கிடந்தது. நடுவில் ஒரே ஒரு வெள்ளைப் பட்டை, யாரோ வெளுத்த வேட்டியைச் சரிவில் காயப்போட்ட மாதிரி. வானம் தரும் பனி போதாததால் இயந்திரம் வைத்து ராத்திரியில் பனி செய்கிறார்கள். பெரிய சறுக்குமேடு சுமார் ஒரு கிலோமீட்டர். ஐரோப்பா பார்த்தவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். எங்களைப் போல ஃப்ரீசரில் மட்டும் பனி பார்த்தவர்களுக்கு அதுவே அதிகம். காலணி, சறுக்குக் கட்டை, தலைக்கவசம் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். சாக்ஸை மட்டும் நல்ல தடிமனாகச் சொந்தமாக எடுத்துப் போங்கள். புதியவர்கள் ஒரு மணி நேரமாவது பாடம் எடுக்காமல் மேலே ஏறக்கூடாது. நீண்ட வாரக்கடைசியில் முன்பதிவு இல்லாமல் போனால் வரிசையிலேயே பொழுது போய்விடும்.

பதினோரு வயது மகள் மூன்றாவது தடவையிலேயே விழாமல் நின்றுவிட்டாள். அவள் அப்பா மூன்றாவது தடவையில் ஒரு கட்டையைக் கழற்றிவிட்டு மல்லாந்து கிடந்தார். அத்தை கஃபேயில் ரூய்போஸ் தேநீரோடு கண்ணாடி ஓரமாக உட்கார்ந்து, பொரித்த உருளைக்கிழங்கை எந்த எண்ணெயில் பொரித்தார்கள் என்று பரிமாறிய பெண்ணிடம் ஜுலுவில் விசாரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் லெசோத்தோவின் மொழியான செசோத்தோவில் "துமேலா, மே" என்றுதான் பேச்சை ஆரம்பித்தாள். மே என்றால் அம்மா. அன்று முழுக்க அத்தைக்கு அதே பேச்சு: "என்னைப் பார்த்ததும் அம்மான்னுச்சு பாத்தியா."

சாப்பாட்டுக்குக் கிளாரன்ஸ் சதுக்கத்தைச் சுற்றியே போதுமான கடைகள். இந்தப் பக்கத்துக்குப் பேர்போனது ட்ரவுட் மீன். என் கணவர் ஆடியையும் மறந்து, அம்மாவையும் மறந்து, வெண்ணெயில் வறுத்த ஒரு முழு மீனை முடித்தார். கிளாரன்ஸ் ப்ரூவரியில் ஊரிலேயே காய்ச்சும் பீரைச் சின்னச் சின்னக் கிளாஸில் ருசி பார்க்கத் தருவார்கள். சைவத்துக்கு பீட்சாவும் சூப்பும்தான் கதி. ஓவியக் கூடங்களை நான் பாதியில் விட்டுவிட்டேன். விலைச்சீட்டு கண்ணை உறுத்தியது.

காசு செலவழித்தது கம்பளத்தில். லெசோத்தோக்காரர்கள் போர்த்தும் பசோத்தோக் கம்பளத்தை வாங்காமல் அந்தப் பக்கத்திலிருந்து வரவே கூடாது. 1860-இல் ஒரு வியாபாரி பசோத்தோ அரசர் மொஷோஷோவுக்குப் போர்த்தியதிலிருந்து இந்த வழக்கம் வந்தது என்கிறார்கள். அதே 1860-இல்தான் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து முதல் இந்தியக் கூலி ஆட்களோடு டர்பன் வந்தது. கம்பளத்தின் கோடுகள் உடம்பில் மேலிருந்து கீழாக விழும்படி போர்த்த வேண்டும், படுக்கை வாட்டில் விழுந்தால் வளர்ச்சி நின்றுவிடும் என்று கடைக்காரம்மா சொல்லிக் கொடுத்தார். மக்காச்சோளக் கதிர் போட்ட ஒன்றை அத்தை எடுத்தார். பேரம் அரை மணி நேரம்.

ஞாயிறு திரும்பும் வழியில் கோல்டன் கேட். சும்மா கடந்து போவதற்குக் கட்டணம் இல்லை, அதனால் பலர் நிற்காமலே போய்விடுகிறார்கள். நீங்கள் நில்லுங்கள். பிராண்ட்வாக் என்ற பாறைமுகம் மாலை வெயிலில் மஞ்சள் அரைத்துப் பூசியது போல ஆகிறது. இந்தப் பூங்காவில்தான் 1976-இல் மாசோஸ்பாண்டிலஸ் என்னும் டைனோசரின் முட்டைகள், உள்ளே கருவோடு, கிடைத்தன. மகளுக்கு அதுதான் பனியைவிடப் பெரிய விஷயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை எங்கள் மாரியம்மன் கோயிலில் கூழ். டர்பனில் அப்படியொன்றும் குளிரவில்லை. அத்தை சேலைக்கு மேல் கம்பளத்தைப் போர்த்திக்கொண்டு, கோடுகள் மேலிருந்து கீழாக, கூழ்ப் பானை பக்கத்தில் நின்றார். எத்தனைக்கு வாங்கினே என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விலை சொன்னார். கடைசியாகக் கேட்டவரிடம் சொன்னது, நாங்கள் கொடுத்ததில் பாதி.