கல்லூறிய கிணற்று நீரில் செரி பாப்கள்

செப்டெம்பர் 14

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த மருமகன் 8 செரி பாப் மீன்களைப் பையில் கொண்டுவந்து தந்தான். இலங்கைக்கே உரிய இம்மீன்கள், களனி முதல் நில்வளா வரையான தென்மேற்கு ஆறுகளின் நிழல் விழும் கிளையோடைகளில், சருகு மூடிய அடித்தரையின்மேல் வாழ்பவை. 1929இல் விலங்கியலாளர் தெரணியகல இவற்றை விவரித்தபோது, தித்தயா என்ற சிங்கள வழக்குப் பெயரையே இனப்பெயராக வைத்தார். ஒரே தீவின் மீன்தான். ஆனால் அந்த ஓடைகளின் நீர் மென்மையானது, அதாவது கல்சிய உப்புகள் குறைந்தது; சற்றே அமிலத்தன்மையும் உள்ளது. யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எங்கள் கிணற்று நீர் எப்படிப்பட்டது என்பதைக் கேத்திலின் உட்புறத்துச் சுண்ணாம்புப் படிவே சொல்லும்.

பையிலிருந்த நீருடன் கிணற்று நீரைச் சிரட்டை சிரட்டையாக இரண்டு மணித்தியாலம் கலந்த பின்னரே, மொலி மீன்கள் இருக்கும் 100 லீற்றர் தொட்டியில் விட்டேன்.

செப்டெம்பர் 15

அமிலமா காரமா என்பதைக் காட்டும் அளவு பிஎச்: 7க்குக் கீழே அமிலம், மேலே காரம். அள்ளியவுடன் அளந்த கிணற்று நீரின் பிஎச் 7.3, குமிழி விடும் காற்றுக்கல் போட்டு ஓர் இரவு வைத்திருந்த வாளியில் அதே நீர் 8.1. சுண்ணாம்புக்கல்லினூடே ஊறிவரும் நீர் தன்னுள் கரைத்து வைத்திருக்கும் காபனீரொட்சைட்டு காற்றில் வெளியேறுவதே இதற்குக் காரணம். கடினத்தன்மை 22 ஜேர்மன் பாகை, அதாவது லீற்றருக்கு ஏறக்குறைய 390 மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக்கு ஒப்பானது.

பிஎச் உயர்வதில் நான் அஞ்சுவது, மீன் கழிவிலும் மிஞ்சிய உணவிலும் உண்டாகும் அமோனியாவைத்தான். பிஎச் 7இல் மொத்த அமோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருப்பதில்லை. 8இல், நமது 28 பாகை வெப்பத்தில், அது 6 பங்கைத் தாண்டிவிடும். ஆகவே இங்கே தொட்டி வைத்திருப்பவர் உணவைக் கிள்ளித்தான் போட வேண்டும்.

செப்டெம்பர் 29

எட்டும் உயிரோடு இருக்கின்றன. ஆண் மீன்களின் சிவப்பு மட்டும் வெளிறி, செங்கல் தூள் போல் இருக்கிறது.

நன்னீர் மீனின் குருதியில் சுற்றியுள்ள நீரைவிட உப்பு அதிகம். ஆகவே பிரசாரணத்தால், அதாவது உப்பு மிகுந்த பக்கத்துக்கு நீர் மென்சவ்வைக் கடந்து நகர்வதால், பூக்களினூடாக (செவுள்களினூடாக) நீர் இடைவிடாது உள்ளே புகுகிறது, உப்போ வெளியே கசிகிறது. மீன் நீரை ஏறக்குறைய குடிப்பதே இல்லை. சிறுநீரகம் மிக ஐதான சிறுநீரை ஏராளமாக வெளியேற்ற, பூக்களிலுள்ள சிறப்புக் கலங்கள் சோடியத்தையும் குளோரைட்டையும் நீரிலிருந்து பொறுக்கி உள்ளே இழுத்துக்கொள்கின்றன. நீரிலுள்ள கல்சியம் பூக்களின் மென்சவ்வை இறுக்கி இக்கசிவைக் குறைக்கிறது. அப்படிப் பார்த்தால், கடின நீரில் உயிர் தரிப்பது மென்னீர் மீனுக்கும் அவ்வளவு சிரமமில்லை. இடர்ப்பாடு இனப்பெருக்கத்தில்தான் வருகிறது. நியோன் ரெட்ரா போன்ற மென்னீர் மீன்கள் நம் கிணற்று நீரில் நெடுநாள் வாழ்ந்தாலும் குஞ்சு பொரிப்பது அரிது. கடைக்காரர்கள் “பழகிவிடும்” என்று சொல்வது பாதி உண்மை.

ஒக்டோபர் 19

நீரை மென்மையாக்கலாம் என்று எண்ணி நாட்டு வாதுமைச் சருகுகளை ஊறப்போட்டேன். நீர் சாயம்போல் சிவந்தது, பிஎச் 8.1இலேயே நின்றது. சருகிலிருந்து வரும் சிறிதளவு அமிலத்தை, கிணற்று நீரில் கரைந்துள்ள இருகாபனேற்று நடுநிலையாக்கிவிடுகிறது. எட்டிப் பார்த்த மாமி, “தம்பி, தேத்தண்ணிக்குள்ளையோ மீன் வளர்க்கிறியள்?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

நவம்பர் 10

மாரி தொடங்கிவிட்டது. இனி மென்மையான மழைநீரைக் கலந்து பார்க்கலாம். புதிதாகப் பூசிய சீமெந்துத் தொட்டியில் பிடித்த மழைநீரை அளந்தால் பிஎச் 9க்கு மேல். சீமெந்தின் சுண்ணாம்பு கரைந்திருக்கிறது. அதைத் தென்னைக்கு ஊற்றிவிட்டு, 200 லீற்றர் பிளாஸ்ரிக் பீப்பாயைக் கழுவி, கூரைநீர் வடியும் பீலியின்கீழ் வைத்தேன்.

நவம்பர் 17

நேற்று மாலை செய்தது மடைமைதான். பொறுமையின்றி, தொட்டியின் பாதி நீரை அகற்றி மழைநீரை நிரப்பினேன். கடினத்தன்மை ஒரே மாலையில் 22இலிருந்து 11க்கு வந்தது. செரி பாப்கள் எப்படியோ தாங்கிக்கொண்டன. காலையில் மொலிகளைப் பார்த்தால், துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு, முன்னேறாமல் நின்ற இடத்திலேயே உடலை நெளித்துக்கொண்டிருந்தன. இரண்டு இறந்து கிடந்தன. மத்திய அமெரிக்காவின் கடின நீரிலும் கரையோர உவர் நீரிலும் வாழும் குலத்தைச் சேர்ந்தவை அவை. எங்கள் கிணறு அவற்றுக்குத் தாய்வீடு போன்றது. எஞ்சிய நான்கையும் பழைய தொட்டிநீர் மீதமிருந்த வாளியில் விட்டேன். எந்த மீனுக்காக நீரை மாற்றினேனோ அது பிழைத்தது. குறையின்றி இருந்ததை நானே கெடுத்தேன்.

நவம்பர் 24

மொலிகள் தனித்தொட்டியில், முழுக் கிணற்று நீரில். நெளிவு நின்றுவிட்டது.

டிசெம்பர் 7

செரி பாப் தொட்டியில் நாளுக்கு 3 லீற்றர் என்ற கணக்கில் மழைநீரைக் கூட்டிவந்தேன். இப்போது கடினத்தன்மை 6 பாகை. ஆண் மீன்கள் மிளகாய்ப்பழச் சிவப்பு. இரண்டு பெண் மீன்கள் பாசிக்குள் முட்டை இடுவதை வியாழனன்று கண்டேன். பெற்றவையே முட்டையைத் தின்னும் என்பதால், பாசியை அப்படியே தூக்கிப் போத்தலொன்றில் வைத்தேன். இன்று கண்ணாடியில் ஊசிமுனை அளவில் ஏழு குஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

பீப்பாய் நிரம்பியிருக்கிறது. வாரம் 12 லீற்றர் நீர் மாற்றினால், அதில் 9 மழைநீர். 22 வாரம், அதாவது மே மாதத் தொடக்கம் வரை காணும். சித்திரையில் சிறுமழை பெய்தால் இன்னும் சில வாளிகள் சேரும். அதன்பின் ஒக்டோபர் வரை, கிணற்று நீரை வாரத்துக்கு ஒரு லீற்றராகக் கூட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.