இன்னும் கொஞ்சம் தூக்குங்க

மாற்றுத்திறனாளி சான்றிதழ் முகாமில் குறைபாடு 80 சதவீதம் இருப்பவர்களைப் பற்றி எனக்குக் குழப்பமே இல்லை. 40ஐ ஒட்டி வருபவர்களிடம்தான் கை தயங்குகிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு கேட்க அந்த 40 வேண்டும்.

அப்படி வந்த ஓர் அக்காவுக்கு விபத்தில் இடது தோள் இறுகிப்போயிருந்தது. எங்கள் பிசியோதெரபி பிரிவுக்கு விடாமல் வந்தவர். "இன்னும் கொஞ்சம் தூக்குங்க" என்று ஒவ்வொரு முறையும் விரட்டியது நான்தான். அளவெடுக்கவும் நானே, மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரோடு நின்றேன். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சார், இன்னிக்கு நல்லா தூக்கணுமா, கம்மியா தூக்கணுமா?"

"முடிஞ்ச வரைக்கும் தூக்குங்கக்கா."

வேறு என்ன சொல்வது? குறைத்துக் காட்டச் சொன்னால் அது மோசடி. தூக்க முடிந்தும் முடியாது என்று சாதிப்பவர்களும் வருகிறார்கள். அவர்களால் உண்மையானவர்களையும் சந்தேகத்தோடு தொட வேண்டியிருக்கிறது. ஆனால் இவர் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார். உடம்பைச் சாய்த்து எட்டப் பார்த்தபோது தோள்பட்டை எலும்பை அழுத்திப் பிடித்தேன். அப்படிப் பிடித்தால்தான் தோளின் அசைவு மட்டும் தெரியும். கை நின்ற இடத்தில் கோணத்தைக் குறித்தேன். கருவிக்குத் தெரிவது கை ஒருமுறை எட்டிய இடம். அந்தக் கையை வைத்து மகளுக்குத் தலை பின்ன முடியுமா என்பது அதற்குத் தெரியாது.

அசைவு இழப்பு 30, தசை வலு இழப்பு 12. "அப்ப 42தானே சார்?" என்றார். அப்படிக் கூட்ட மாட்டார்கள். விதிமுறைச் சூத்திரப்படி 90இலிருந்து 30 போக மீதி 60. அதை 90ஆல் வகுத்து வரும் பங்கு அளவுக்குத்தான் 12 ஏறும். 8 ஏறியது. மொத்தம் 38. ஒரே கையின் இரண்டு இழப்புகளை அப்படியே கூட்டக் கூடாது என்ற கணக்கு நியாயமானதுதான். அவரிடமும் அதைத்தான் சொன்னேன்.

சரி, கணக்கை விடுவோம். பயிற்சிக்கு வராமலே இருந்திருந்தால் 40ஐத் தாண்டியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். கை தேறியது நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் பழைய வேலைக்குத் திரும்பும் அளவுக்கு அது தேறவில்லை, ஒதுக்கீட்டுக்கும் வழியில்லாமல் போய்விட்டது. இந்த இடைவெளியில் நிற்பவருக்கு நான் என்ன செய்தேன் என்று யோசித்தால், நேர்மையாக இருந்தேன் என்ற பதில் போதவில்லை.

சட்டத்தின் 59ஆம் பிரிவில் மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது என்று சொல்லி, மனு எழுதவும் உதவினேன். அங்கேயும் அவர் முழுசாகத்தான் தூக்குவார். குறைத்துத் தூக்கச் சொல்ல எனக்கு இப்போதும் வாய் வராது.