பன்னிரண்டு அயிரைகள்: ஒரு தொட்டிக் குறிப்பு

அக்டோபர் 20

மதுரையில் அயிரை மீன் என்று சொன்னால் எதிரே நிற்பவர் அடுத்துக் கேட்பது, "எந்தக் கடையில் சாப்பிட்டீர்கள்?" என்பதுதான். நாற்பது வருடமாக நானும் இந்த ஊர்க்காரன். அயிரையின் முகத்தை ஒழுங்காகப் பார்த்தது இன்றைக்குத்தான்.

கப்பி மீன் வளர்த்துச் சலித்துவிட்டது. தரையில் ஊரும் மீனாக ஏதாவது வாங்கலாம் என்று வண்ணமீன் கடைக்குப் போனேன். ஆரஞ்சும் கருப்புமாகப் பட்டை போட்ட கூலி லோச் இருந்தது. தென்கிழக்கு ஆசிய மீன், குட்டிப் பாம்பு போல நெளிகிறது, அழகுதான். விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பும் வழியில் மீன் சந்தை. அன்னக்கூடையில் இரண்டு விரல் தண்ணீரில் ஒரு குவியல் அயிரை உயிரோடு புரண்டுகொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். வாயோரம் மீசை, உருண்டு நீண்ட உடம்பு, மணல் நிறம், பக்கவாட்டில் வரிசையாகக் கரும்புள்ளிகள். சற்று முன் கடையில் பார்த்த மீனுக்குத் தாயாதி! உறவு நான் கற்பித்ததல்ல. உயிரியல்காரர்களும் இரண்டையும் கோபிடிடே என்ற ஒரே குடும்பத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

"பத்துப் பன்னிரண்டு போதும் அக்கா" என்றேன்.

"பன்னிரண்டு அயிரையை வைத்து என்ன தம்பி செய்வாய்? சட்டியில் ஒட்டுவதற்கே காணாது" என்றார் அவர்.

நூறு கிராமுக்குக் குறைத்து நிறுக்க மாட்டேன் என்றுவிட்டார். ஒரு மீன் ஒரு கிராம் இருந்தால் அதிகம். நூறு கிராம் என்பது ஒரு பட்டாளம். வீட்டுக்கு வந்து, துடிப்பாக இருந்த பன்னிரண்டைப் பொறுக்கி வாளியில் விட்டேன். மீதியை அம்மா வாங்கிக்கொண்டார். கல் உப்பைப் போட்டதும் அவை வயிற்றிலிருந்த சேற்றைக் கக்கின. அன்றிரவு குழம்பு. இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டேன், மறைப்பானேன்? கூடத்தில் வாளி, அடுப்படியில் சட்டி. அயிரையை விட்டு வராலை இழுப்பது என்று ஒரு பழமொழி உண்டு. பழமொழியில்கூட அதற்குத் தூண்டில் இரை வேலைதான்.

அக்டோபர் 21

தொட்டி இரண்டரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம். மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால் ஐம்பத்தைந்து லிட்டர் சொச்சம் பிடிக்கும். கப்பிகள் ஒரு வருடமாக இருந்த தொட்டி என்பதால் ஸ்பாஞ்ச் பில்டர் ஊறிப் பழகியது. இது முக்கியம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியின் பில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் மீனை விட்டால் அது தன் கழிவிலேயே வெந்து சாகும்.

மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் இருக்கும். வாளியில் பிடித்து, குளோரினை முறிக்கும் ஹைப்போ கரைசல் விட்டு, ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் வைத்திருந்த தண்ணீரைத்தான் ஊற்றினேன்.

வாளியிலிருந்து மாற்ற வலையை எடுத்தேன். முதல் தவறு. இந்த வகை மீனுக்குக் கண்ணுக்குக் கீழே ஒரு சிறு முள் மடங்கிக் கிடக்கிறது. பயந்தால் அதை நிமிர்த்தும். நிமிர்த்தியது, வலைக் கண்ணியில் மாட்டியது. இழுத்தால் கண்ணே பிய்ந்துவிடும் போலிருந்தது. கடைசியில் நகவெட்டிக் கத்தரியால் வலையின் நான்கு இழைகளை அறுத்துத்தான் விடுவிக்க முடிந்தது. மீதிப் பதினொன்றும் டம்ளரில் பயணம் செய்தன. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளர் குறைகிறது. யார் எடுத்தது என்று அம்மாவுக்குத் தெரியும், கேட்பதில்லை.

அக்டோபர் 24

இரண்டு செத்துவிட்டன. சந்தையில் அடிபட்டவையாக இருக்கும். ஒன்றின் வால் அடியில் சிவந்திருந்தது. பத்து.

நவம்பர் 9

மீசை குட்டையாகிறது.

முதலில் கண்மயக்கம் என்று நினைத்தேன். செல்போனில் எடுத்த பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சந்தேகமில்லை, மூன்று மீன்களுக்கு மீசை நுனி தேய்ந்திருக்கிறது. ஒன்றின் மேலுதட்டில் வெள்ளையாக ஒரு புண். காரணம் தரை. கப்பிக்காகப் போட்ட நீலக் கல் அப்படியே கிடக்கிறது. கப்பிக்குத் தரை என்பது வெறும் அலங்காரம். அயிரைக்கு அதுதான் வயல், அதுதான் சாப்பாட்டு இலை, படுக்கையும் அதுதான். மோந்து மோந்து கல்லிடுக்கில் மூக்கை இடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. நான் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், விளையாடுகிறது என்று.

மணல் தேடினேன். இப்போது கட்டட வேலைக்கெல்லாம் எம்-சாண்ட்தான். அது கல்லை உடைத்து அரைத்தது. விரலில் தேய்த்தாலே முனை குத்துகிறது. மீசைக்கு ஆகாது. பக்கத்துத் தெருவில் பழைய வீட்டு வேலை செய்தபோது மிஞ்சி, சுவரோரம் ஒதுக்கியிருந்த ஆற்று மணல் ஒரு மூட்டை கிடைத்தது. நீரில் உருண்டு உருண்டு முனை மழுங்கிய மணல். மாவுச் சல்லடையில் சலித்தேன் (சல்லடைக்கும் டம்ளர் கதிதான்). ஒரு பிடி மணலில் எலுமிச்சம்பழச் சாறு பிழிந்தபோது நுரைக்கவில்லை. நுரைத்திருந்தால் சிப்பித் தூள், சுண்ணாம்பு கலந்திருக்கிறது, தண்ணீரைக் கடினமாக்கும் என்று அர்த்தம். பிறகு வாளியில் கழுவினேன். பதினாறு தண்ணீர். பதினேழாவதில்தான் அடியில் விட்ட என் விரல் தெரிந்தது.

இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்பிக் கலங்கல் அடங்கிய பிறகு மீனை விட்டேன். ஒரு மீன் அடியில் போய் நின்றது. மீசையால் மணலைத் தொட்டது. ஒரு நொடிதான். தலையை ஆட்டி ஒரு திருகு, மணல் லேசாகப் பொங்கி அடங்கியது, மீன் இல்லை. குனிந்து கண்ணாடியில் மூக்கை வைத்துத் தேடினால் மணலில் மிளகு போல இரண்டு கண்கள் மட்டும். பத்தும் அரை மணி நேரத்தில் இப்படியே மறைந்துபோயின. காசு கொடுத்து வாங்கிய மீன்கள் இருக்கும் தொட்டி, பார்ப்பவருக்கு வெறும் தண்ணீரும் மணலும். வீட்டுக்கு வந்த சித்தப்பா, "மீன் எப்போது விடப்போகிறாய்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நவம்பர் 17

சாப்பாடு பற்றி. பகலில் போட்ட மிதக்கும் உணவை இவை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை, கப்பிகள் முடித்துவிடுகின்றன. விளக்கை அணைத்து அரை மணி கழித்து, மூழ்கும் குருணையை மணல் மேல் போட வேண்டும். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிப் பார்த்தால் மிரளாமல் வேலையைத் தொடர்கின்றன.

தின்னும் விதம் அலாதி. வாய் கீழ்நோக்கி இருக்கிறது. ஒரு வாய் மணலை அள்ளுகிறது, தாடை அசைகிறது, செவுள் வழியாக மணல் இரண்டு பக்கமும் புகையாக வெளியேறுகிறது, தின்னத்தக்கது மட்டும் உள்ளே நிற்கிறது. முறத்தில் அரிசி புடைப்பது மாதிரி. இதற்காகத்தான் மணல் பொடியாக இருக்க வேண்டும். கல்லை எப்படிப் புடைக்கும்?

வாரம் இரண்டு நாள் உறைந்த ரத்தப்புழு. மொட்டை மாடித் தொட்டியில் கிடைத்தால் கொசுப்புழு. கொசுப்புழு போடும் நாளில் மட்டும் பகலிலேயே வெளியே வருகின்றன.

இன்னொன்றும் கவனித்தேன். திடீரென ஒன்று அம்பு போல மேலே போய், ஒரு வாய்க் காற்றை விழுங்கி, திரும்பவும் விழுந்து மணலில் புகுந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்து ஆசனவாயில் குமிழி. இந்தக் குடும்பத்து மீன்கள் காற்றை விழுங்கிக் குடலாலும் மூச்சு வாங்கும். இரண்டு விரல் தண்ணீரில் அன்னக்கூடை நிறைய உயிரோடு சந்தைக்கு வர முடிவது இதனால்தான். ஆனால் எல்லாம் சேர்ந்து அடிக்கடி மேலே போனால் அது மூச்சுத் திணறல். தண்ணீரைப் பார்க்க வேண்டும்.

டிசம்பர் 3

இரண்டு நாள் அடைமழை. முதல் நாள் சாயங்காலம் மழை இறங்குமுன்பே எல்லாம் மணலைவிட்டு எழுந்து கண்ணாடியோரம் மேலும் கீழுமாக ஓடிக்கொண்டிருந்தன. கண்மாய்க்குப் புதுத் தண்ணீர் வரும் பருவம் இவற்றுக்குத் தெரியும் போலிருக்கிறது. தொட்டிக்கு மூடி இல்லாமல் இருந்திருந்தால் பாதி கூடத்தில் கிடந்திருக்கும். ஒயர் நுழையும் இடுக்கைக்கூடப் பஞ்சு வைத்து அடைத்தேன்.

டிசம்பர் 19

இந்தப் பதிவை எழுதப் பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

புதிதாக வாங்கிய நான்கு கப்பிகளைத் தனித் தொட்டியில் வைக்காமல் நேரே விட்டேன். சோம்பல். ஐந்தாம் நாள் வெள்ளைப்புள்ளி நோய். ரவையைத் தூவியது போல உடம்பெல்லாம் புள்ளி. கப்பிகளோடு நின்றிருந்தால் பரவாயில்லை, அயிரையிலும் தெரிந்தது. பழக்கமான ஒருவர் சொன்னபடி, கப்பிக்கு எப்போதும் செய்வது போல, கல் உப்பைக் கைநிறைய அள்ளிக் கரைத்து ஊற்றினேன்.

கப்பிகள் சும்மா இருந்தன. அயிரைகள் மணலைப் பிய்த்துக்கொண்டு மேலே வந்தன. தொட்டி முழுக்கச் சாட்டை சுழற்றியது போல உடம்பை அடித்துக்கொண்டன. ஒன்று வாயைத் திறந்து எதையோ கக்கியது. அதைப் பார்த்ததும்தான் உறைத்தது. இதே உப்பை, இதே கக்கலை, இரண்டு மாதத்துக்கு முன் அடுப்படியில் பார்த்திருக்கிறேன். தொட்டியிலேயே குழம்புக்கு அலசிக்கொண்டிருக்கிறேன்!

முக்கால்வாசித் தண்ணீரை இறைத்து வெளியேற்றி நல்ல தண்ணீர் விட்டேன். ஒன்று பிழைக்கவில்லை. ஒன்பது.

பிறகு நிதானமாக யோசித்தேன். அயிரையின் செதில் மிகப் பொடி. தோலுக்குள் புதைந்து கிடப்பது. பெரிய செதில் போர்த்த மீனுக்கு உள்ள காப்பு இதற்கு இல்லை. உப்பும் மருந்தும் நேரே தாக்கும். ஆகவே சீட்டில் எழுதிய மருந்தளவில் பாதி. தாமிரம் கலந்த மருந்து அறவே கூடாது. ஹீட்டரை வைத்துத் தண்ணீரை நாளுக்கு ஒரு டிகிரியாக 30 டிகிரிக்கு ஏற்றினேன். உடம்பில் ஒட்டியிருக்கும் கிருமியை மருந்து தொடாது. அது உதிர்ந்து, பெருகி, நீந்தித் திரியும் கட்டத்தில்தான் சாகும். சூடு அந்தச் சுழற்சியை விரைவாக்குகிறது. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் இரண்டாவது ஏர் பம்ப். புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடர்ந்தேன்.

30 டிகிரி தாங்குமா என்று பயமாகத்தான் இருந்தது. அயிரையின் அறிவியல் பெயரைத் தேடிப் பார்த்தபோது கொஞ்சம் தைரியம் வந்தது. லெபிடோசெபாலிக்திஸ் தெர்மாலிஸ். 1846-இல் இதற்குப் பெயர் வைத்தபோது அடிப்படையாக எடுத்த மீன்கள் இலங்கையில், திருகோணமலைப் பக்கத்துக் கன்னியா வெந்நீரூற்றிலிருந்து வந்தவை. தெர்மாலிஸ் அந்த வெந்நீர்தான். எங்கள் ஊர் வெயிலில் கோடைக் கண்மாய் என்ன குளிர்ச்சியாகவா இருக்கிறது?

ஜனவரி 11

எல்லாம் தேறிவிட்டன. மேலுதட்டுப் புண் ஆறிவிட்டது; மீசை பழைய நீளத்துக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி. வாரம் ஒரு முறை கால்வாசித் தண்ணீர் மாற்றுகிறேன். மணலை உறிஞ்சுகுழாயால் குத்திக் கிளறுவதில்லை, யார் எங்கே படுத்திருக்கிறார் என்று தெரியாது. குழாயை ஒரு விரல் உயரத்தில் பிடித்து மேலே கிடக்கும் கழிவை மட்டும் எடுத்தால் போதும். அடி மணலைக் கிளறும் வேலையை மீன்களே பார்த்துக்கொள்கின்றன.

வண்ணமீன் கடைக்காரர் ஆஸ்கார் குஞ்சு ஒன்றை இலவசமாகத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அது வளர்ந்தால் அயிரையை விழுங்கும், விழுங்கினால் கண்ணடி முள் தொண்டையில் நிற்கும், இரண்டும் போகும்.

பிப்ரவரி 22

எண்ண முடியவில்லை. இதுதான் இந்த மீனிடம் என் ஒரே மனக்குறை. ஒரே நேரத்தில் ஆறு பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை ஏழு. எட்டு, ஒன்பது கண்ணில் படவே இல்லை. சவமும் இல்லை, நாற்றமும் இல்லை. தண்ணீரைச் சோதித்தால் அம்மோனியா பூஜ்யம். மூடியைச் சுற்றி, சோபாவுக்கு அடியில், எல்லாம் தேடியாயிற்று.

மார்ச் 8

இன்று காலை, பாசி படிந்த மரக்கட்டையைத் தேய்க்கலாம் என்று தொட்டியிலிருந்து எடுத்து முற்றத்தில் காலி வாளியில் போட்டேன். போன் வந்தது. பேசிவிட்டுத் திரும்ப இருபது நிமிடம் ஆகியிருக்கும். வாளியில் சொத்தென்று ஒரு சத்தம். பல்லி என்று நினைத்தேன்.

கட்டையின் அடியில் கட்டைவிரல் அகலத்தில் ஒரு பொந்து. அதிலிருந்து ஒரு அயிரை விழுந்து வாளியின் அடியில் நெளிந்துகொண்டிருந்தது. கட்டையைக் கவிழ்த்துத் தட்டினேன், இன்னொன்று. இரண்டும் சுண்டுவிரல் பருமன், தொட்டியில் இருப்பவற்றைவிடக் கொழுப்பு. உணவு போடும் இடம் அந்தப் பொந்தின் வாசல் என்பது இப்போதுதான் புரிகிறது. ஈரப் பொந்துக்குள் இருபது நிமிடமும் காற்றைக் குடித்துச் சமாளித்திருக்கின்றன.

டம்ளரில் எடுத்துப்போய்த் தொட்டியில் விட்டேன். விட்ட வேகத்தில் மணலுக்குள் போய்விட்டன. கட்டையைத் தேய்க்கவில்லை, பாசியோடு அதே இடத்தில் வைத்தேன். பொந்தையும் அடைக்கவில்லை. மூடியின் மேல் ஒரு சீட்டு மட்டும் ஒட்டியிருக்கிறேன்: "கட்டையை எடுத்தால் தட்டிப் பார்க்கவும். மொத்தம் 9."